பெல் அடித்ததும் பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உங்கள் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். வழக்கமாக 4.10-க்கு லாங் பெல். பள்ளி வேன் உங்கள் ஊருக்கு வராததால் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசி வைத்திருக்கிறீர்கள். போன வாரம் ஆசிரியர் கூட்டம் என்று 3 மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை. வாட்ச்மேன் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டார். ஆட்டோ வரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பாப்பா வெளியே நின்றிருக்கிறாள். நடுவில் இரண்டு பெரிய பிள்ளைகளோடு சர்வீஸ் ரோட்டைத் தாண்டிப் போய் ஐஸ் வேறு வாங்கியிருக்கிறாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. போய்க் கேட்டதற்கு, "பெல் அடித்துக் கேட்டைத் தாண்டிவிட்டால் எங்கள் பொறுப்பு இல்லை. அட்மிஷன் போடும்போது நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பள்ளியின் பொறுப்பு எந்த நிமிடத்தில் முடிகிறது என்பது ஒன்று. அந்தக் கையெழுத்துக்கு என்ன பலம் என்பது இன்னொன்று. நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அது உங்கள் ஆட்டோ. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் கிருஷ்ணகிரியில் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீல் தொழில் செய்கிறேன், பெரும்பாலும் மோட்டார் விபத்து வழக்குகள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன், இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஆலோசனையும் சொல்லியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் பொய்யும் எனக்குப் பழக்கம்.

நேரடியான பதில் இதுதான். உங்கள் மகள் வயதில், பள்ளியின் பொறுப்பு பெல்லோடு முடிவதில்லை. பிள்ளை யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடோ, அந்தக் கைக்குப் போன பிறகுதான் முடிகிறது. கேட்டுக்குச் சட்டத்தில் தனி மகிமை எதுவும் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் நீளும், எந்த வயது வரை நீளும் என்பதில்தான் வாதத்துக்கு இடம் இருக்கிறது.

"எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?" என்று தாளாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். பள்ளி விட்ட பிறகு இத்தனை நிமிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. இது தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம். ஒருவருடைய அலட்சியத்தால் இன்னொருவருக்குத் தீங்கு வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்ற பொது நெறியிலிருந்துதான் பள்ளியின் கவனக் கடமையும் வருகிறது. அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது எம்.எஸ். கிரேவால் எதிர் தீப் சந்த் சூத் என்ற வழக்கு, உச்ச நீதிமன்றம் 2001-ல் சொன்ன தீர்ப்பு. 1995 மே மாதம் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று பிள்ளைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். கூடப்போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, ஒரு பிள்ளைக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆறு ஒன்றும் பள்ளி வளாகத்துக்குள் ஓடவில்லை. பிள்ளை யார் கவனிப்பில் இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும், காம்பவுண்டு சுவர் எங்கே முடிகிறது என்று அளந்துகொண்டிருக்காது.

சரி, அங்கே கூட்டிப்போனது பள்ளி. உங்கள் விஷயத்தில் பள்ளி வெளியே விட்டது. இதற்கு நேர்ப் பொருத்தமாக நாங்கள் எடுத்துவைப்பது இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று. 1969-ல் பிரபுக்கள் சபை சொன்னது. அப்போது அந்த நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கடைசி இடம் அதுதான். ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி, ஐந்து வயதுச் சிறுமி. வழக்கமாக 3.30-க்கு விடுவார்கள், அம்மா வந்து அழைத்துப்போவார். ஒரு நாள் ஐந்து நிமிடம் முன்பே விட்டுவிட்டார்கள். அம்மாவைக் காணோம் என்றதும் குழந்தை தானே நடக்க ஆரம்பித்தது, பெரிய சாலையில் லாரி மோதியது. ஐந்து நிமிடமெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நமக்குத் தோன்றும். பிரபுக்கள் சபைக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோர் வந்து நிற்கும் நேரத்தை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் இருக்கிறது, அதற்கு முன்னால் சின்னக் குழந்தையை வெளியே விட்டால் இப்படி ஆகலாம் என்பது யாருக்கும் தெரியக்கூடியது, ஆகவே பள்ளியை நடத்திய கல்வி நிர்வாகம் பொறுப்பு என்று முடிவானது. உங்கள் பள்ளி எழுபது நிமிடம் முன்னால் விட்டிருக்கிறது.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-ல் சொன்னது. தொடக்கப் பள்ளிப் பையன், 12 வயது. பள்ளி விட்டு, முன்னூறு நானூறு மீட்டர் தள்ளி இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது பெரிய பள்ளி மாணவன் எறிந்த குச்சி கண்ணில் பட்டுவிட்டது. அங்கே சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் கலந்து நிற்பார்கள், கலாட்டா நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டு, பள்ளியைப் பொறுப்பாக்கினார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு பெரும்பான்மையில் வந்தது, ஒருமனதாக இல்லை. ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி ஏற்றுக்கொள்ளலாம், தள்ளியும் விடலாம். பள்ளி நேரத்துக்கு முன்னால் விட்டதை எந்த நீதிபதியும் லேசாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை நீட்டுவது நம் ஊரில் எடுபடுமா என்று கேட்டால், ஐம்பதுக்கு ஐம்பது என்றுதான் சொல்வேன்.

வயது விஷயத்தில் சட்டம் எண் எதையும் போடவில்லை. என் நடைமுறைக் கணக்கு இது: ஐந்தாம் வகுப்பு வரை கையில் ஒப்படைக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை, வழக்கமாகத் தானே போகிற பிள்ளையா, யாராவது வந்து கூட்டிப்போகிற பிள்ளையா என்று பார்க்க வேண்டும். ஒன்பதுக்கு மேல், வழக்கமான நேரத்தில் ஒழுங்காக விட்டிருந்தால், வழியில் நடப்பதற்குப் பள்ளியைப் பிடிப்பது கடினம். பதினோராம் வகுப்புப் பையன் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் விழுந்தான் என்று பள்ளி மேல் வழக்குப் போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே வயதுப் பையன் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து போகிறான் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு பள்ளியை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம்தான் வரும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எங்கள் பக்கம் பாதி அப்பாக்களுக்கு இது தெரியாது.

முன்கூட்டியே தெரியக்கூடிய ஆபத்து என்று மேலே சொன்னேன், எல்லாமே அதில்தான் நிற்கிறது. நம் மாவட்டத்துக்குள்ளேயே அது ஊருக்கு ஊர் மாறும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் காலத்தில் யானைகள் இறங்கும். யானை நடமாட்டம் இருக்கிறது, மாலையில் தனியாகப் போகாதீர்கள் என்று வனத்துறை சொன்ன பிறகும் சின்னப் பிள்ளைகளை வழக்கம்போலக் காட்டுப் பாதையில் நடக்கவிட்டால், ஹெச்.எம். பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். ஓசூர் நகரத்துக்குள் இருக்கிற பள்ளிக்கு அந்தக் கவலை கிடையாது, அங்கே லாரிதான் யானை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு மழை நடுப்பகலில் பிடித்து, திடீர் விடுமுறை என்று தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளையும் சேர்த்து வெளியே அனுப்பினால், விடுமுறை அறிவித்தது கலெக்டர்தான் என்று பள்ளி தப்பிக்க முடியாது. விடச் சொல்வது வேறு, யாரிடம் விடுகிறோம் என்று பார்க்காமல் விடுவது வேறு. உங்கள் பள்ளிக்கு ஆபத்து எதிரிலேயே இருக்கிறது. பெங்களூரு போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் பக்கத்தில் இருக்க, எதிரே ஐஸ் கடையும் இருந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தாண்டும் என்பதைச் சொல்ல ஜோசியக்காரர் தேவையில்லை. சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் டூ வீலர் வருவது இங்கே எழுதப்படாத விதி, பிள்ளை வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கும்.

இனி அந்தக் கையெழுத்து. நீங்கள் அட்மிஷனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் கடிதத்துக்கு இதுதான் அர்த்தம் என்று சொல்ல முடியாது. பொதுவாக அட்மிஷன் ஃபார்மில் இரண்டு விதமான வாசகம் இருக்கும். "பள்ளி நேரத்துக்குப் பிறகு எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்பது ஒரு வகை. பள்ளியே அலட்சியம் செய்திருந்தால் அதை இந்த வரி கழுவிவிடாது. அடிபடுவது பிள்ளை, ஈடு கேட்கும் உரிமையும் பிள்ளையுடையது. அதைத் தகப்பன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னால் எந்த நீதிபதி முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். இரண்டாவது வகைதான் கனமானது: "என் மகளை இந்த எண் ஆட்டோவில், இந்த ஓட்டுநருடன் அனுப்பச் சம்மதிக்கிறேன்." இது செல்லும். பாப்பா அந்த ஆட்டோவில் ஏறிவிட்டால் அதற்கு மேல் பள்ளியைக் கேட்க உங்களிடம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இதே கடிதம் உங்களுக்கும் ஆயுதம். ஆட்டோவில் ஏற்றத்தான் சம்மதம் கொடுத்தீர்கள், தெருவில் நிறுத்துவதற்குக் கொடுக்கவில்லை.

பள்ளியே வேன் ஓட்டினால் கதை வேறு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் நடத்திய வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்தது அந்த உதவியாளர் இல்லாத குறைதான். வேன் சாலையின் இடது பக்கம் நிற்கும், வீடு வலது பக்கம் இருக்கும். பிள்ளை இறங்கி வேனுக்குப் பின்னால் சுற்றி ஓடும். கை பிடித்துத் தாண்டிவிட ஒரு ஆயா இருந்திருந்தால் வழக்கே இருந்திருக்காது. ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்ற வேன் டிரைவர், "நான் ஹாரன் அடித்தேன் சார்" என்றார். ஏழு வயதுப் பையனுக்கு அவர் செய்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

பள்ளியின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். பெற்றோர் எல்லாரும் உங்களைப் போல நேரத்துக்கு ஆட்டோ அனுப்புகிறவர்கள் கிடையாது. நான் ஆலோசனை சொன்ன ஒரு பள்ளியில் ஒரு டீச்சர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். கடைசியாகப் போகிற பிள்ளையின் பெயர், வகுப்பு, யார் வந்தார்கள், எத்தனை மணி என்று பேனாவில் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். சில பக்கங்களில் 5.50, 6.20 என்றெல்லாம் இருக்கும். ஓரிடத்தில் "6.40, அப்பா, வாயில் சாராய வாடை, அனுப்பவில்லை, பாட்டிக்குப் போன் செய்தேன்" என்று இருந்தது. பிற்பாடு அந்தக் குடும்பத்தில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற தகராறு கோர்ட்டுக்கு வந்தபோது, நிர்வாகத்தின் பளபளப்பான விதிமுறைக் கையேட்டை யாரும் திறக்கவில்லை. அந்த நோட்டுதான் பேசியது. அந்த டீச்சருக்கு அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆசிரியர் தனி ஆளாக எவ்வளவு நேரம் காக்க வேண்டும் என்பது வேறு, பள்ளி என்கிற நிறுவனம் ஒரு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது வேறு. 1955-ல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், ஆசிரியை அடிபட்ட ஒரு பிள்ளைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாலு வயதுக் குழந்தை சாலைக்கு ஓடிவிட்டது. அதைக் காப்பாற்ற லாரியைத் திருப்பிய டிரைவர் இறந்துபோனார். ஆசிரியை மேல் தவறில்லை, ஆனால் அத்தனை சின்னக் குழந்தை சுலபமாகத் திறந்து போகும்படி கேட்டை வைத்திருந்த நிர்வாகம் பொறுப்பு என்றார்கள். உங்கள் கோபத்தை வாட்ச்மேன் மேல் இறக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். சாவி அவர் கையில் இருந்தாலும் முடிவு அவருடையதாக இருந்திருக்காது.

அரசுப் பள்ளி என்றாலும் கடமை இதேதான். எதிர்த்தரப்பில் அரசு நிற்கும், அரசுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவாகவும் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளி இல்லாத சின்னக் குக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவச வாகன வசதியோ தங்குமிடமோ அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளிலேயே இருக்கிறது. மலையூர்க்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உள்ளே, வெளியே, நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியல் தொல்லை. ஆட்டோ டிரைவரோ வழியில் வேறு யாரோ பிள்ளையிடம் தவறாக நடந்தது பள்ளிக்குத் தெரிய வந்தால், போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்பது கணக்கில்லை, சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. 2024-ல் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடந்து மாணவிகள் பாதிக்கப்பட்ட வழக்கில், முகாம் நடத்தியவர்களோடு பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். பள்ளி நேரம் முடிந்தபின் வளாகத்தில் நடப்பதும் பள்ளியின் தலையில்தான் விடியும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. அலட்சியம் இருந்து, தீங்கும் இருந்து, இரண்டுக்கும் தொடர்பும் இருந்தால்தான் வழக்கு. நடந்திருக்கக்கூடியதற்கு நீதிமன்றம் பணம் கொடுக்காது. சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் புகார் கொடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். பொறுப்பில் இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே புறக்கணித்தால் அது குற்றம்தான், நிறுவனத்தை நடத்துகிறவர்களுக்கு ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. ஆனால் ஒரு நாள் நடந்த இந்தச் சம்பவம் "வேண்டுமென்றே" என்ற வார்த்தைக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்வி என்பது அந்தச் சட்டத்தில் வரும் சேவையா என்பதிலேயே தீர்ப்புகள் பள்ளிகளுக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கின்றன.

செய்ய வேண்டியது ஒரு கடிதம். முதல்வருக்கு, நகல் தாளாளருக்கு. நாலு வரி போதும்: "இந்தத் தேதியில் முன்னறிவிப்பு இல்லாமல் 3 மணிக்குப் பள்ளி விடப்பட்டது. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் 4.15 வரை பூட்டிய கேட்டுக்கு வெளியே சாலையோரம் நின்றாள். இனி நேரம் மாறினால் முந்தின நாளே தெரிவிக்கவும், எங்கள் ஆட்டோ வரும்வரை அவளை வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அவளை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் இவர்கள்." கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, இப்படி ஒரு ஆபத்து இருப்பது தெரியாது என்று பள்ளி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இது. என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பள்ளிகள் பதில் எழுதாது, ஆனால் அடுத்த வாரமே கேட்டுக்குள் ஒரு பெஞ்சு போட்டிருக்கும்.

பெஞ்சு வரவில்லை என்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் அதே கடிதத்தின் நகலோடு போங்கள். மாணவர் பாதுகாப்பில் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுத்து மத்தியக் கல்வி அமைச்சகம் 2021-ல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்துவதைக் கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொன்னது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் அங்கே போனால் பள்ளி வீம்புக்கு நிற்கும், பாப்பா அங்கேதான் ஜூன் வரையாவது படிக்க வேண்டும்.

கடைசியாக அந்த ஆட்டோ. மாலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு பள்ளி கேட்டில் நின்று பாருங்கள். பின்சீட்டில் ஐந்து, அவர்கள் மடியில் மூன்று, டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பைகள் எல்லாம் வெளியே கொக்கியில் ஆடும். விபத்து நடந்தால் நாங்கள் முதலில் கேட்பது இன்சூரன்ஸ். வண்டியில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தால், அனுமதித்த எண்ணிக்கைக்குரிய தொகைக்குத்தான் கம்பெனி பொறுப்பு என்று அஞ்சனா ஷ்யாம் வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தொகையை அடிபட்ட எல்லாப் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், மீதியை ஆட்டோக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட, அதாவது சொந்த உபயோகத்துக்கான ஆம்னி வேனில் கூலிக்குப் பிள்ளை ஏற்றுவது இன்னும் மோசம், பாலிசி நிபந்தனையை மீறியது என்று கம்பெனி எடுத்ததுமே கையை விரிக்கப் பார்க்கும். அப்புறம், ஏதாவது நடந்துவிட்டால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதம்தான் என்று 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

நாளைக்கே டிரைவரிடம் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்டுப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று ஆர்.சி.யில் இருக்கும். நாலு வீட்டுப் பிள்ளைகளைத் தவிர வழியில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்று பேசி, அதற்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுங்கள். பேப்பர் கேட்டதற்கே கோபித்துக்கொள்கிறார் என்றால், வேறு ஆட்டோ பாருங்கள்.